நம் தெருப் பிள்ளைகளின் விளையாட்டு: செலவு எங்கே இருக்கிறது?

ஏப்ரல் பிறந்ததும் சென்னைப் புறநகர்களில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் கோடை முகாம் விளம்பரம் தொங்கத் தொடங்கிவிடும். கிரிக்கெட், கால்பந்து, ஸ்கேட்டிங். சீருடை உண்டு, சான்றிதழ் உண்டு, கடைசி நாளன்று கோப்பையும் உண்டு. கட்டணம் சில ஆயிரங்களைத் தொடும். கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை போகிறது. முடியாத வீட்டுப் பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கிறது. அந்த ஒரே தெருவில் ஆறு வயதிலிருந்து பதினொரு வயதுக்குள் பதினைந்து பிள்ளைகளாவது இருப்பார்கள். அவர்களை வாரத்தில் இரண்டு மாலை ஒன்றுசேர்த்து ஆண்டு முழுவதும் விளையாட வைக்க ஆகும் செலவு, முகாமுக்கு ஒரு பிள்ளை கட்டும் பணத்தைத் தாண்டாது. இருந்தும் பெரும்பாலான தெருக்களில் அது நடப்பதில்லை. நடக்காததற்குக் காரணம் பந்தோ மட்டையோ அல்ல.

முன்பு இதை யாரும் நடத்த வேண்டியிருக்கவில்லை. தெருவே திடல், பதினைந்து வயது அண்ணன் ஒருவன் தலைவன், அவனுக்குக் கீழே பன்னிரண்டு, பத்து, எட்டு என்று படிப்படியாக ஆள் இருக்கும். பெரியவன் பத்தாம் வகுப்புக்குப் போய் விலகினால் அடுத்தவன் அந்த இடத்துக்கு வந்துவிடுவான். இப்போது தெருவின் இருபுறமும் கார்கள் நிற்கின்றன. நடுவில் மிச்சமிருக்கும் வழியில் இரு சக்கர வண்டிகள் விரைகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு மாலை ஐந்து மணிக்கு டியூஷன், எட்டு வயதுக்கு ஆறு மணிக்கு இந்தி வகுப்பு. பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரே நேரத்தில் இருப்பதில்லை. மூத்தவனிடமிருந்து இளையவனுக்கு ஆட்டம் கைமாறும் அந்தத் தொடர்ச்சி எங்கோ அறுந்துவிட்டது.

ஆகவே பெரியவர் ஒருவர் தேவைப்படுகிறார். பிள்ளைகளால் சம்பாதிக்க முடியாத மூன்று பொருள்களுக்கு மட்டும்தான் அவர் தேவை: இடம், நேரம், பெற்றோரின் நம்பிக்கை. ஆட்டத்தைப் பங்கிடுவது, அணி பிரிப்பது, சண்டையைத் தீர்ப்பது ஆகியவற்றுக்குப் பிள்ளைகளிடமே பழைய, நன்கு தேய்த்துப் பார்த்த முறைகள் உண்டு. அவற்றை அறியாத பெரியவர் விசிலும் பட்டியலுமாக உள்ளே நுழைந்தால், மூன்றாவது வாரம் பிள்ளைகள் வருவதை நிறுத்திவிடுவார்கள்.

முதலில் பணக் கணக்கு. டென்னிஸ் பந்துகள் நான்கு, ரப்பர் பந்து இரண்டு, சிறிய கால்பந்து ஒன்று, பிளாஸ்டிக் மட்டை ஒன்று, மர மட்டை ஒன்று. பந்தில் காற்றடிக்க ஒரு பம்பும் ஊசியும். ஊசிதான் முதலில் தொலையும் என்பதால் இரண்டாக வாங்கிக்கொள்வது நல்லது. கோடு போடக் கோலமாவு போதும். ஸ்டம்புக்குப் பழைய பெயின்ட் டப்பா, கோல் கம்பத்துக்குச் செருப்பு. அணி அடையாளத்துக்கு ஆளுக்கொரு பழைய துணிப்பட்டை. 'சட்டை போட்ட அணி, போடாத அணி' என்ற பழைய வழக்கம் பெண் பிள்ளைகள் வரும் ஆட்டத்துக்கு ஒத்துவராது. கடைக்காரர் வழக்கமாக எடுத்து நீட்டுவது பெரியவர்கள் ஆடும் 5-ஆம் எண் கால்பந்து. எட்டு வயதுக்குக் கீழே 3-ஆம் எண், அதற்கு மேல் பன்னிரண்டு வரை 4-ஆம் எண் என்று கேட்டு வாங்க வேண்டும். எண் பந்தின் மேலேயே அச்சிட்டிருக்கும். பெரிய பந்தை உதைத்துக் கால் வலி கண்ட ஆறு வயதுப் பிள்ளை மறுநாள் வராது. எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். பதினைந்து வீடுகள் பங்கிட்டால் வீட்டுக்கு நூற்றைம்பதுக்கும் குறைவு. தர முடியாத வீட்டில் கேட்கவே வேண்டாம். அந்தக் கணக்கு பிள்ளைகள் காதுக்கும் போக வேண்டாம்.

விலை அதிகமானது இடம்தான். செயற்கைப் புல் போட்ட தனியார் திடல்கள் சென்னையில் மணிக்கு ஆயிரத்தை ஒட்டி வாடகை கேட்கின்றன. இளைஞர்கள் அலுவலகம் முடிந்து பத்துப் பேர் சேர்ந்து கட்டிவிடுவார்கள்; ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது நடக்காது. பொது இடத்துக்கும் விலை வைக்கும் எண்ணம் அவ்வப்போது தலைகாட்டுகிறது. 2024-இல் சென்னை மாநகராட்சி தன் கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. கால்பந்தை உயிராக நினைக்கும் வியாசர்பாடி போன்ற வடசென்னைப் பகுதிகளில் 120 ரூபாய் என்றால் என்ன பொருள் என்பதைத் தீர்மானம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

காசில்லாத இடம் எங்கே கிடைக்கும்? புதிய குடியிருப்பு மனைப் பிரிவுகளில் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் சாலை நீங்கலாக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. நிலம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அந்தப் பகுதியை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டு மனை விளம்பரத்தின் வரைபடத்தில் பச்சை நிறத்தில் காட்டப்படும் துண்டு அதுதான். பல ஊர்களில் அது முள்வேலிக்குள் புதராகக் கிடக்கும், அல்லது நடைப்பயிற்சிப் பாதையும் 'பந்து விளையாடக் கூடாது' பலகையுமாகப் பூங்காவாகியிருக்கும். பலகையைப் பார்த்துத் திரும்பி வர வேண்டியதில்லை. வார்டு உறுப்பினரிடம் நேரம் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டால், நடப்பவர்கள் குறைவாக இருக்கும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கித் தருவதுண்டு. 'எப்போதும் வேண்டும்' என்று கேட்டால் கிடைக்காதது, 'செவ்வாய், சனி, ஐந்து முதல் ஆறு வரை' என்று கேட்டால் கிடைக்கும்.

இன்னொரு வழி பள்ளி. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு இருக்க வேண்டியவை என்று இணைத்துள்ள பட்டியலில் விளையாட்டுத் திடலும் ஒன்று. மாலை நான்கரைக்கு மேல் அந்தத் திடல்கள் பூட்டிக் கிடக்கின்றன. தலைமை ஆசிரியரின் தயக்கத்தில் நியாயம் உண்டு: கண்ணாடி உடைந்தால், பிள்ளை விழுந்தால், குழாய் திறந்து கிடந்தால் யார் பொறுப்பு? பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அவர்கள் வழியாகப் போய், சாவிக்கும் சேதத்துக்கும் இரண்டு பெரியவர்கள் பெயர் எழுதிக் கொடுத்தால் கதவு திறக்க வாய்ப்பு அதிகம். இதற்கு வாரக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும். இந்த வேலைக்கு உண்மையான செலவு இந்த நடைதான்.

நேரத்தைச் சூரியன் முடிவு செய்கிறது. சென்னையில் ஜூலையில் ஆறரைக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. நவம்பர் கடைசியில் ஐந்தே முக்காலுக்குள் மறைந்துவிடும். ஆண்டு முழுவதும் ஒரே நேரம் என்று வைத்தால் ஒரு பாதியில் வெயில் கொல்லும், மறுபாதியில் பந்து தெரியாது. கோடையில் ஐந்து மணிக்கு மேல், மழைக்காலத்தில் நான்கரை. ஐந்து வயதிலிருந்து பதினேழு வயது வரையுள்ளவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் நல்ல உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஒரு மணி நேர ஆட்டத்தில் அந்த அறுபது கிடைத்துவிடும் என்று நினைப்போம். உட்கார்ந்து ஓரத்தில் பார்த்தால் நிலவரம் வேறு.

எட்டுப் பேர் கொண்ட இரண்டு அணி, ஆறு ஓவர் கிரிக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 36 பந்து. நன்றாக ஆடும் இரண்டு பேர் முதலில் இறங்கி முப்பது பந்தை விழுங்கிவிடுவார்கள். மூன்றாவது ஆள் மிச்சத்தை ஆடுவான். மற்ற ஐந்து பேருக்கு மட்டை கைக்கே வராது. ஃபீல்டிங்கில் எல்லைக்கோட்டருகே நிறுத்தப்பட்ட ஏழு வயதுப் பெண் எறும்புப் புற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை என்று பிறகு நாமே முடிவு கட்டுவோம்.

இதற்கு ஒரு நல்ல மாற்று உண்டு. இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக க்விக் கிரிக்கெட் என்ற பெயரில் நடந்த ஆட்டத்தின் முறை அது. எட்டுப் பேரும் நான்கு இணைகளாகப் பிரிவார்கள். ஒவ்வோர் இணைக்கும் இரண்டு ஓவர். ஆட்டமிழந்தாலும் வெளியே போக வேண்டாம். அணியின் எண்ணிக்கையிலிருந்து சில ரன் குறையும், அவ்வளவே. பூஜ்யத்துக்குக் கீழே போய்ப் பிள்ளைகள் முகம் வாடாதிருக்கத் தொடக்கத்திலேயே 200 ரன்னைக் கணக்கில் வைத்துவிடுவார்கள். எட்டு ஓவரையும் எட்டுப் பேர் ஆளுக்கொன்றாக வீசுவார்கள். ஆகப் பதினாறு பேரும் மட்டை பிடிக்கிறார்கள், பந்து வீசுகிறார்கள். ஆறு வயதுக்காரர் வீச முடியாமல் அகலப் பந்தாக (வைடு) போட்டுக்கொண்டே இருந்தால், ஓவருக்கு ஆறு பந்துதான், அகலப் பந்துக்கு மறுபந்து கிடையாது என்று சொல்லிவிட்டால் போதும். இல்லாவிட்டால் ஒரே ஓவரில் பொழுது சாய்ந்துவிடும்.

பத்து வயதுக்குக் கீழே வாரம் ஒரு நாளாவது கிரிக்கெட் ஆடாமல் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. ஒருவர் ஆடப் பதினைந்து பேர் நிற்கும் ஆட்டம் அது. கால்பந்தில் அந்தக் குறை இல்லை, சின்னதாக ஆடினால். ஆறு வயதுப் பிள்ளைகளிடம் 'பாஸ் கொடு' என்று கத்துவது வீண். வெல்லக்கட்டியில் ஈ மொய்ப்பது போலப் பந்தைச் சுற்றி எல்லோரும் மொய்ப்பார்கள். அந்த வயது அப்படித்தான். பதினாறு பேரையும் ஒரே ஆட்டத்தில் விடாமல், நான்குக்கு நான்கு என்று இரண்டு ஆட்டமாக்கினால் பந்து எல்லோர் காலிலும் படும். கோல் காப்பாளர் வேண்டாம். செருப்புகளுக்கு நடுவே இரண்டு தப்படி அகலம் போதும். பெரிய சங்கங்களும் இதைத்தான் செய்கின்றன. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் பல ஆண்டுகளாக எட்டு வயதுப் பிரிவு வரை ஐவர் ஆட்டம், பத்து வரை எழுவர், பன்னிரண்டு வரை ஒன்பதின்மர் என்று படியேற்றி, அதன் பிறகே பதினொருவர் ஆட்டத்துக்கு விட்டது. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015-இல் பத்து வயது வரையுள்ளவர்கள் தலையால் பந்தை முட்டக் கூடாது என்று தடை போட்டது. நம் தெருவிலும் அதைப் பின்பற்றுவதால் குறைந்துபோகப் போவது எதுவுமில்லை.

பந்தே இல்லாத அணி ஆட்டங்கள் நம்மிடம் உள்ளன. அவற்றில் கிளித்தட்டுக்கு ஈடு இல்லை. நீண்ட செவ்வகம் ஒன்று, நெடுக ஒரு நடுக்கோடு, காக்கும் அணியின் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறுக்குக் கோடுகள். காப்பவர்கள் ஆளுக்கொரு குறுக்குக் கோட்டில் நிற்பார்கள்; கோட்டை விட்டு நகரக் கூடாது. அவர்களின் தலைவரான கிளி மட்டும் நடுக்கோட்டிலும் ஓடலாம். எதிரணி ஒவ்வொரு தட்டாகத் தாண்டிக் கடைசி வரை போய்த் தொடப்படாமல் திரும்ப வேண்டும். எல்லோரும் எப்போதும் ஆட்டத்துக்குள் இருப்பார்கள். ஒல்லிப் பிள்ளைக்கும் குள்ளப் பிள்ளைக்கும் இதில் நழுவும் வசதி அதிகம். இலங்கைத் தமிழ் ஊர்களில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி இன்றும் இது போட்டியாக நடப்பதுண்டு. நம் பக்கம் பாடப்புத்தகத்தின் 'மறைந்துவரும் விளையாட்டுகள்' வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. செலவு கால் கிலோ கோலமாவு.

கோ-கோவும் அப்படியே. ஒன்பது பேர் கொண்ட அணியில் எட்டுப் பேர் மாறி மாறி எதிர்த்திசை பார்த்து உட்கார, ஒருவர் துரத்துவார். உட்கார்ந்திருப்பவர் முதுகில் தட்டி 'கோ' கொடுத்து ஆள் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் நன்றாக ஓடுபவர் ஒருவரே ஆட்டத்தைக் கைப்பற்றிக்கொள்ள முடியாது. 2025 ஜனவரியில் தில்லியில் நடந்த முதல் உலகக் கோப்பையை இந்தியா ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் வென்றது; பிள்ளைகளிடம் சொன்னால் உட்கார்ந்திருப்பதற்கும் ஒரு மதிப்பு வந்துவிடும். கபடிக்கு மண் வேண்டும். சிமெண்டுத் தரையில் ஆடவே விடக் கூடாது. அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொடப்பட்டவர் வெளியே உட்காரும் ஆட்டங்களில் எல்லாம், ஆடத் தெரியாத பிள்ளைதான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கும். பழகவேண்டியவரே பழகாமல் போகிறார். சின்னவர்களுக்கு, தொடப்பட்டவர் எதிரணியில் சேர்ந்துகொள்ளலாம் என்று மாற்றினால் ஆட்டம் கெடுவதில்லை.

அணி பிரிப்பதுதான் பெரியவர்கள் அதிகம் சொதப்பும் இடம். இரண்டு தலைவர்களை நிறுத்தி மாறி மாறி ஆள் எடுக்கச் சொன்னால் கடைசியில் எஞ்சும் பிள்ளைக்கு அன்று ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். பழைய உத்தி பிரிக்கும் முறையைப் பாருங்கள். தலைவர்கள் இருவர் நிற்க, மற்றவர்கள் தமக்குச் சமமாக ஆடும் ஒருவரோடு தோளில் கைபோட்டுத் தள்ளிப் போவார்கள். ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, 'புலி வேண்டுமா, சிங்கம் வேண்டுமா?' என்று கேட்பார்கள். தலைவர் ஒன்றைச் சொல்ல, அந்தப் பெயருக்குரியவர் அவர் பக்கம், மற்றவர் எதிர்ப்பக்கம். இணைகள் சமமாக இருந்துவிட்டால் அணிகளும் சமமாகிவிடும். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை, பெயரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒற்றைப்படையில் ஆள் மிஞ்சினால் அவர் ஜோக்கர், இரு பக்கமும் மட்டை பிடிப்பார். நான்கு வயதுத் தம்பி அழுதுகொண்டு வந்தால் ஒப்புக்குச் சப்பாணி: ஓடலாம், ஆடலாம், ஆட்டமிழக்க மாட்டான். அவனை வீட்டுக்கு அனுப்பினால் கூட்டி வந்த அக்காவும் போய்விடுவாள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

அக்காக்கள் போவது தனிப் பிரச்சினை. பத்து வயதைத் தாண்டும்போது பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக மறைவார்கள். யாரும் தடுத்ததாகச் சொல்லமாட்டார்கள். வீட்டில் வேலை, உடை மாற்றுவதில் கூச்சம், ஓரத்தில் நின்று பார்க்கும் பையன்களின் பேச்சு, பக்கத்தில் கழிப்பறை இல்லாதது. கழிப்பறைக்குத் திறந்திருக்கும் ஒரு வீட்டை முன்கூட்டியே பேசி வைத்தாலே பாதிப் பேர் தங்குவார்கள். தெரு ஆட்களில் ஒரு பெண் நின்று நடத்தினால் இன்னும் நல்லது. எறிபந்தும் கோ-கோவும் பெண் பிள்ளைகள் பள்ளியில் ஆடித் தேர்ந்தவை; அவற்றை ஆடும் நாள்களில் பையன்கள் அவர்களிடம் கற்கட்டும்.

நடத்தும் பெரியவர் எப்போதும் இருவராக இருக்க வேண்டும். ஒருவர் காயத்தைப் பார்க்கப் போனால் இன்னொருவர் திடலில் நிற்பார் என்பதற்காக மட்டும் அல்ல. எந்தப் பிள்ளையும் ஒரே ஒரு பெரியவரோடு தனியாக இருக்கும்படி விடக் கூடாது என்பதற்காகவும். தெரிந்தவர், நல்லவர் என்பது இதற்கு மாற்றாகாது. குழந்தைகள் உதவி எண் 1098 என்பதைப் பிள்ளைகளுக்கே சொல்லித் தரலாம். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் திடலைச் சுற்றி வந்து கண்ணாடிச் சில்லு, ஆணி, நாய்க் கழிவு பொறுக்க வேண்டும். யாருக்கு இழுப்பு வரும், யாருக்கு வலிப்பு வரும் என்பது பெற்றோரின் தொலைபேசி எண்ணோடு சட்டைப்பையில் இருக்கட்டும். தண்ணீர் அவரவர் கொண்டுவருவது.

அண்டை வீட்டார் விஷயம் முழுக்கவும் விதிகளால் தீரக்கூடியது. மதில் தாண்டி அடித்தால் ஆட்டமிழப்பு. அடித்தவர்தான் போய் மணியடித்து 'அத்தை, பந்து விழுந்துவிட்டது' என்று கேட்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் உயர அடிக்கும் பழக்கம் தானே தணியும். தரையில் ஒரு முறை பட்டெழும் பந்தைப் பிடித்தாலும் ஆட்டமிழப்பு என்ற ஒரு பிட்ச் கேட்சையும் சேர்த்துக்கொண்டால் சின்னவர்களும் விக்கெட் எடுப்பார்கள்.

பெற்றோரைக் கோட்டுக்கு வெளியே நிறுத்துவது கடினம். 'என் பையனுக்கு ஏன் கடைசி ஓவர்?' என்று அப்பா கேட்கத் தொடங்கினால், பையன் தலைகுனிந்து நிற்பான். நார்வே நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பு குழந்தைகளின் விளையாட்டு உரிமைகள் என்று ஒரு விதித்தொகுப்பை ஏற்றிருக்கிறது. பதினொரு வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியல் வெளியிடுவதில்லை, பதின்மூன்றுக்கு முன் தேசிய வாகையர் போட்டி இல்லை என்பது அதன் நடைமுறை. அங்கே பணமும் திடலும் நிறைய. ஒப்பிட்டுப் பெருமூச்சு விட வேண்டாம். ஆனால் எண்ணிக்கையை ஆட்டம் முடிந்ததும் அழித்துவிடுவதற்குப் பணம் தேவையில்லை. பிள்ளைகள் எண்ணட்டும், அவர்கள் எண்ணாமல் இருக்கமாட்டார்கள். சுவரில் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுவது பெரியவர்களின் வேலை, அதை விட்டுவிடலாம்.

சில மாதம் ஓடினால் பக்கத்துத் தெருவிலிருந்து சவால் வரும். பத்து வயதுக்காரர்கள் துள்ளுவார்கள். மறுத்தால் அவர்களே ஒளிந்து போய் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுப் பெட் மேட்ச் ஆடுவார்கள். தோற்ற பக்கம் பணத்துக்குச் சண்டை போடும். ஒப்புக்கொள்வதே மேல், மூன்று நிபந்தனைகளோடு: பந்தயப் பணம் கிடையாது, இணை முறையில்தான் ஆட்டம், இரு தெருவிலிருந்தும் ஒன்பது வயதுக்குக் கீழே மூன்று பேராவது ஆட வேண்டும். நடுவராக இரு தெருவிலிருந்தும் ஒவ்வொரு பதினான்கு வயதுக்காரரை நிறுத்துங்கள். அகலப் பந்து எது, ஆட்டமிழப்பு எது என்று கத்திப் பேசி முடிவெடுக்க அவர்களுக்குத் தெரியும். அடுத்த ஆண்டு சாவியை யாரிடம் கொடுக்கலாம் என்பதும் அன்று மாலை உங்களுக்குத் தெரிந்துவிடும்.